பரிமாறுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சர்க்கரை நோய் பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். இந்த நோயைப் பற்றித் தாங்கள் அடிக்கடி எழுதிவருவதற்கு நன்றி. ஆனால் அந்தக் கட்டுரை சொன்ன இரண்டு கருத்துகள் என்னை மிகவும் வருத்தின. வாயைக் கட்டத் தெரியாதவர்களுக்குத்தான் சர்க்கரை வருகிறது என்பது ஒன்று. அம்மியையும் ஆட்டுக்கல்லையும் மூலையில் போட்டதால் பெண்கள் பருத்து நோயாளிகளாகிவிட்டார்கள் என்பது மற்றொன்று. மேலூர் வட்டாரத்தில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வீடு வீடாக ஏறி இறங்கியவள் என்ற உரிமையில் பதில் எழுதுகிறேன். சற்று நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அம்மியைப் பற்றி. மத்திய அரசின் தேசியக் குடும்பநல ஆய்வு 2019-21-இல் தமிழ்நாட்டில் எடுக்கப்பட்டபோது, ரத்தத்தில் சர்க்கரை கூடுதலாக இருப்பவர்கள், அதற்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஆகியோரின் பங்கு ஆண், பெண் இருபாலரிலும் இருபது விழுக்காட்டுக்கு மேல் இருந்தது. பெண்களைவிட ஆண்களிடம் சற்றுக் கூடுதலாகவே இருந்தது. எங்கள் ஊர் ஆண்கள் யாரும் அம்மியில் மிளகாய் அரைத்ததில்லை, ஆட்டுக்கல்லில் மாவாட்டியதுமில்லை. பிறகு அவர்களுக்கு ஏன் வந்தது? நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், நிறைமாதப் பெண்கள் இரண்டு குடம் தண்ணீரை இடுப்பிலும் தலையிலும் சுமந்து வந்து இறக்கி வைத்துவிட்டு, அப்படியே ஆட்டுக்கல்லின் முன் உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய முதுகுவலியையும் கர்ப்பப்பை இறக்கத்தையும் பார்த்தவள், அந்தக் கல்லைத் திரும்ப எடுங்கள் என்று ஒருநாளும் சொல்ல மாட்டாள்.

இனி வாய்க்கட்டு. இதற்கு நான் கொஞ்சம் பழைய கதையிலிருந்து வர வேண்டியிருக்கிறது.

1980-இல் எங்கள் மதுரை மாவட்டத்தில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளை மாதந்தோறும் எடை பார்ப்பார்கள். உத்திரத்தில் ஒரு தொங்கு தராசு. அதன் கொக்கியில் துணியாலான ஒரு காற்சட்டை. குழந்தையை அதற்குள் நுழைத்துத் தொங்கவிட்டால் அது வீறிட்டு அழும், தராசு முள் ஆடும். ஆட்டம் நிற்கும்வரை தாய் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அட்டையில் புள்ளி வைத்து, போன மாதப் புள்ளியோடு கோடு இழுத்துக் காட்டுவோம். கோடு மேலே போனால் அவள் முகம் மலரும். போகாவிட்டால் அந்தக் குழந்தைக்கு 90 நாட்களுக்கு லட்டு கொடுக்கப்படும். தானியமும் பருப்பும் வெல்லமும் சேர்த்துப் பிடித்த உருண்டை அது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அந்த ஆண்டுகளில் எங்கள் பகுதியில் எடை என்பது உயிர். எடை ஏறிய குழந்தை அம்மையையும் வயிற்றுப்போக்கையும் தாண்டிப் பிழைத்தது, ஏறாத குழந்தை பிழைக்கவில்லை. இதில் மூடநம்பிக்கை எதுவும் கிடையாது. கண்ணால் கண்ட கணக்கு.

அதற்கும் முந்தைய கதையை என் அப்பத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். தாது வருடப் பஞ்சத்தை (1876-78) அவரும் பார்த்ததில்லை. தன் பாட்டி சொன்னதாகச் சொல்வார். கற்றாழைக் கிழங்கை வேகவைத்துத் தின்றது, தானியத்துக்காக எறும்புப் புற்றைத் தோண்டியது என்று நீளும். அப்பத்தாவின் காலத்திலும் வானம் பார்த்த பூமிக்காரர்களுக்குக் கம்பும் கேழ்வரகும் வரகும்தான் அன்றாடம். நெல்லுச்சோறு என்றால் பொங்கல், தீபாவளி, கல்யாண வீடு. வெள்ளைச் சோற்றைக் குவித்து இலை போடுகிற வீடு மதிப்பான வீடு. வயிறு தள்ளிய மனிதர் வசதியானவர். பூசினாற்போல் இருக்கிற மருமகள் வீட்டுக்கு வந்த லட்சுமி. ஒட்டிய கன்னத்தோடு தாய்வீட்டுக்கு வரும் மகளைப் பார்த்தால், அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே தாய் கண் கலங்குவாள். புகுந்த வீட்டில் சோறு போடவில்லை என்பதுதான் அந்த மெலிவுக்குப் பொருள்.

இன்று அரிசிக்குப் பஞ்சமில்லை. 2011 ஜூன் முதல் ரேஷன் கடையில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. பசித்த வயிற்றைப் பார்த்தவள் நான், அந்தத் திட்டத்தைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் சோறு பெருகிய வேகத்தில் நம் பேச்சும் பார்வையும் மாறவில்லை. ஆறு மாதம் பாடுபட்டு நாலு கிலோ குறைத்துக்கொண்டு ஒரு சர்க்கரை நோயாளி கல்யாண வீட்டுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு என்ன வரவேற்பு கிடைக்கிறது? “என்ன இப்படி ஓடாகத் தேய்ந்துவிட்டாய்? வீட்டில் ஏதும் பிரச்சினையா?” என்று கேட்கிறார்கள். இன்னொருவர் தனியாக அழைத்துப்போய், “நல்ல டாக்டராகப் பார், வேறு ஏதாவது இருக்கப்போகிறது” என்று பயமுறுத்துகிறார். மறுநாளே அந்த மனிதர் பழைய சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுகிறார். இதை ஒருவரிடம் மட்டும் பார்க்கவில்லை. எடை குறைத்த அத்தனை பேரும் என்னிடம் வந்து சொன்ன குறை இது. மருத்துவர் கொடுத்த தைரியத்தை உறவினர்கள் ஒரே பந்தியில் பறித்துவிடுகிறார்கள்.

பந்தியைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும். எங்கள் பக்கம் காதுகுத்து, கிடாவெட்டு என்றால் கறி விருந்து. சோற்றை வாளியோடு கொண்டுவந்து கரண்டியால் அள்ளி வைப்பார்கள். போதும் என்றால் இன்னும் ஒரு கரண்டி. வேண்டாம் என்று இலைக்கு மேல் கையை விரித்தால், விரலிடுக்கு வழியாகக் குழம்பு இறங்கும். “அட, சாப்பிடுங்கள் மாமா, இன்றைக்கு ஒரு நாள்தானே” என்று பரிமாறுகிற பையன் சிரிப்பான். அவன் மேல் தவறில்லை. வேண்டாம் என்பவரை வற்புறுத்தி வைப்பதுதான் மரியாதை என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். வைக்காமல் போனால், அந்த வீட்டுப் பந்தி குறை என்று ஊரே பேசும். காபிக்கும் இதே கதைதான். சர்க்கரை போடாமல் கொடுங்கள் என்று கேட்டால், “எங்கள் வீட்டில் சர்க்கரைக்கா பஞ்சம்?” என்று வீட்டுக்காரம்மாவின் முகம் வாடிவிடும். அந்த முகத்தைப் பார்க்க முடியாமலேயே, சர்க்கரை உள்ளவர் இனிப்புக் காபியைக் குடித்துவிட்டு வருகிறார். ஒரு நாளில் மூன்று வீட்டுக்குப் பத்திரிகை வைக்கப் போனால் மூன்று காபி. உடல்நலமில்லாதவரைப் பார்க்கப் போகிறவர்கள்கூடச் சத்துபான பாட்டிலும் பிஸ்கட் பொட்டலமும் வாங்கிக்கொண்டு போகிறார்கள். வெறுங்கையோடு போகக் கூடாதல்லவா?

இதையெல்லாம் வாய்க்கட்டு இல்லாமை என்று எழுதுவது எப்படிப் பொருந்தும்? அந்த வாய்க்குள் போகிறதில் பாதி, அடுத்தவர் அன்பாக வைத்தது. நோயாளியை மட்டும் நிறுத்தி வைத்து அறிவுரை சொல்வதை விட்டுவிட்டு, பரிமாறுகிறவர்களிடமும் பேசுங்கள் என்பதற்காகத்தான் இந்தக் கடிதம்.

இன்னொரு பெரிய தவறான எண்ணமும் இருக்கிறது. குண்டானவர்களுக்குத்தான் சர்க்கரை வரும் என்று கட்டுரையாசிரியரும் நம்புகிறார், எங்கள் ஊரும் நம்புகிறது. நூறு நாள் வேலைக்குப் போகிற, விலா எலும்பு தெரிகிற மனிதருக்குக் ரத்தத்தில் சர்க்கரை அளவு முந்நூறைத் தாண்டியதைப் பார்த்திருக்கிறேன். “எனக்கா? என்னிடம் சதையே இல்லையே, நர்சம்மா” என்று அவர் கையை நீட்டிக் காட்டினார். புனேயில் சித்தரஞ்சன் யாஜ்னிக் என்ற மருத்துவர் இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார். 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் அவரும் ஜான் யுட்கின் என்ற ஆங்கிலேய மருத்துவரும் சட்டையோடு அருகருகே நிற்கும் ஒரு படம் வெளியானது. இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு ஒன்றே, 22.3. ஆனால் உடலில் கொழுப்பு ஆங்கிலேயருக்கு 9.1 விழுக்காடு, நம்மவருக்கு 21.2 விழுக்காடு. பார்த்தால் தெரியாது, எடைக்கல்லும் சொல்லாது. கொழுப்பு வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றி ஒளிந்திருக்கிறது. அதனால்தான் நம் நாட்டு ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டக் கூடாது என்கிறார்கள். வெள்ளைக்காரர்களுக்கு வைத்த அளவைவிட இது குறைவு. ஒரு தையல்காரரின் டேப் போதும், எந்த வீட்டிலும் அளந்து பார்த்துக்கொள்ளலாம்.

யாஜ்னிக் குழுவினர் புனேயை ஒட்டிய கிராமங்களில் பிறந்த குழந்தைகளையும் இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் பிறந்த குழந்தைகளையும் ஒப்பிட்டிருக்கிறார்கள். நம் குழந்தை சராசரியாக 2.7 கிலோ, அங்கே 3.5 கிலோ. தசையிலும் உறுப்புகளிலும் நம் குழந்தை மிகவும் சிறியது, தோலுக்கடியில் உள்ள கொழுப்பில் மட்டும் அவ்வளவு குறைவில்லை. வயிற்றிலிருக்கும்போதே தாயின் பசியை அறிந்த உடல், கிடைத்ததைச் சேர்த்து வைக்கப் பழகிக்கொள்கிறது என்று ஆராய்ச்சியாளர்கள் விளக்குகிறார்கள். அந்த உடலுக்கு நாற்பது வயதில் மூன்று வேளையும் வெள்ளைச் சோறு கிடைத்தால் என்ன ஆகும்? நான் அன்று தொங்கு தராசில் எடை பார்த்த குழந்தைகள் இன்று நாற்பதைத் தாண்டியிருக்கிறார்கள். அவர்களில் பலர் இப்போது சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறார்கள். இவர்களைப் பார்த்து “தின்று கொழுத்தவர்கள்” என்று ஒருவர் எழுதினால் எனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

பணக்கார வியாதி என்ற பேச்சும் போதும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் வெளியானபோது நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரியவந்தது. அதே ஆய்வின் 2017 அறிக்கை இன்னொன்றையும் சொன்னது. தமிழ்நாடு போன்ற வளர்ந்த மாநிலங்களின் நகரங்களில் வசதி படைத்தவர்களைவிட ஏழைகளிடமே நோய் அதிகம். காய்கறியும் பருப்பும் முட்டையும் விலை கொடுத்து வாங்க வேண்டும், அரிசி இலவசம். கையில் காசு குறைந்த வீட்டில் தட்டில் எது நிறையும் என்று சொல்லத் தேவையில்லை. அதே குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40 விழுக்காட்டினர் அதிக எடையோடு இருக்கிறார்கள். அதற்கு முந்தைய ஆய்வில் அது 31 விழுக்காடு. ஆனால் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நாலில் ஒன்று வயதுக்கேற்ற உயரமில்லாமல் இருக்கிறது. இரண்டும் ஒரே தெருவில், சில சமயம் ஒரே வீட்டில். பாட்டிக்குச் சர்க்கரை, பேத்திக்கு ரத்தசோகை, இருவருக்கும் ஒரே பானைச் சோறு.

அதே வீட்டில் எடையைப் பற்றிய இரண்டு காலத்துப் பேச்சும் ஒன்றாக ஓடுகிறது. சென்னையில் கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணை அவள் ஊருக்கு வந்தபோது சந்தித்தேன். அலுவலகத்தில் குண்டு என்று கேலி செய்கிறார்கள் என்று இணையத்தில் ஏதோ மாவு வாங்கிக் கரைத்துக் குடித்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டை விட்டிருக்கிறாள். ஊருக்கு வந்தால் அப்பத்தா, “எலும்பும் தோலுமாக இருக்கிறாய், உன்னை எவன் கட்டுவான்?” என்று நெய்யை ஊற்றுகிறார். அந்தப் பெண்ணுக்கு உண்மையில் எவ்வளவு எடை இருக்க வேண்டும், ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று இரு தரப்பிலும் ஒருவரும் கேட்கவில்லை. இரண்டு பேச்சுக்கும் நடுவில் அவள் அழுதுகொண்டிருந்தாள். பருமனைக் கேலி செய்து யாருக்கும் நோய் குணமானதில்லை. திரைப்படத்தில் பருத்த பெண் வந்தாலே சிரிக்க வேண்டும் என்றாகிவிட்டது. தங்கள் நாளிதழின் துணுக்குப் பகுதியிலும் அத்தகைய துணுக்குகள் வருகின்றன. தயவுசெய்து அவற்றை நிறுத்துங்கள்.

கேலிக்குப் பயந்து மனிதர்கள் நோயை மறைப்பதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய கவலை. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தால் சர்க்கரை மாத்திரையும் ரத்த அழுத்த மாத்திரையும் வீட்டு வாசலுக்கே வருகின்றன. எங்கள் பகுதியில் மாத்திரை கொடுக்கும் தன்னார்வலர் பெண் எனக்கு உறவு. ஒருநாள் துணைக்கு அவளோடு போனேன். ஒரு வீட்டில், நாங்கள் வருவதைப் பார்த்ததும் அந்த அம்மா ஓடிவந்து கொல்லைப்புறமாக வரச் சொன்னார். கூடத்தில் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தாய்க்குச் சர்க்கரை என்று தெரிந்தால் மகளுக்கும் வரும் என்று பேச்சு எழும், சம்பந்தம் தட்டிப்போகும் என்று அவருக்கு நடுக்கம். மாத்திரைகளை அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கி எடுத்து, அடுக்களையில் சோம்பு வைத்திருந்த எவர்சில்வர் டப்பாவுக்குள் போட்டார். சர்க்கரை மாத்திரையும் அழுத்த மாத்திரையும் ஒன்றாகக் கலந்தன. காலி அட்டையை அடுப்புச் சாம்பலுக்குள் புதைத்தார். வந்தவர்கள் போகும்வரை மதிய மாத்திரையையும் விழுங்கவில்லை. அவர்கள் முன்னால் இரண்டு முறை கேசரி சாப்பிட்டார்.

படித்தவர்கள் வீட்டிலும் இதே நிலைதான். கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் தனக்குச் சர்க்கரை இருப்பதை மனைவியிடமே மூன்று ஆண்டுகள் சொல்லவில்லை. இன்சுலின் போடச் சொன்னால் போதும், “ஊசி போட ஆரம்பித்தாகிவிட்டதா? இனி அவ்வளவுதான்” என்று வீடே துக்கம் கொண்டாடுகிறது. பிறவியிலிருந்தோ சிறுவயதிலிருந்தோ இன்சுலின் தேவைப்படும் குழந்தைகளின் பெற்றோர் படும் பாடு தனி. பெண் குழந்தை என்றால் பள்ளிக்கூடத்தில்கூடச் சொல்வதில்லை. வகுப்பில் அந்தக் குழந்தை வியர்த்துத் தள்ளாடினால், சர்க்கரை குறைந்துவிட்டது, உடனே குளுக்கோஸ் கொடுக்க வேண்டும் என்று ஆசிரியைக்கு எப்படித் தெரியும்? சித்திரைத் திருவிழா நேரத்தில் வெறுங்காலோடு கொதிக்கும் தார்ச்சாலையில் நடந்து, பாதம் வெந்தது தெரியாமலேயே வீட்டுக்கு வந்த பெரியவர்களுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன். நரம்பு மரத்துப்போனவர்கள் செருப்போ காலுறையோ அணிந்துகொண்டு ஓரமாக நின்று கும்பிடுவதற்குச் சாமி கோபித்துக்கொள்ளாது. ஆனால் செருப்பைப் போட்டால், சர்க்கரை இருப்பது நாலு பேருக்குத் தெரிந்துவிடும்.

விதி என்று விட்டுவிடும் நோயும் அன்று இது. சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த ஆய்வின் முடிவுகள் 2006-இல் வெளியாயின. சர்க்கரை வரும் விளிம்பில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டுகள் கண்காணித்தார்கள். சோற்றையும் இனிப்பையும் எண்ணெயையும் குறைத்து, தினம் அரைமணி நேரமாவது நடக்கச் சொல்லப்பட்டவர்களிடம் நோய் வருவது 28.5 விழுக்காடு குறைந்தது. நம் ஊர்க்காரர்களிடமே, நம் சாப்பாட்டை வைத்தே நிரூபித்த உண்மை. ஆனால் எங்கள் கிராமத்தில் ஒரு பெண் சும்மா நடந்துவிட்டு வரட்டும் பார்க்கலாம்! கையில் தூக்குவாளியோ தலையில் புல்லுக்கட்டோ இல்லாமல் மாலையில் கண்மாய்க் கரையில் நடந்தால், “எங்கே போகிறாய், யாரைப் பார்க்க?” என்று கேட்கிறார்கள். நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் சேர்ந்து நடக்கத் தொடங்கிய பிறகுதான் அந்தக் கேள்வி ஓய்ந்தது. பள்ளிக்கூட மைதானத்தை மாலையில் ஒரு மணி நேரம் பெண்கள் நடக்கத் திறந்துவிட வேண்டும் என்று ஊராட்சிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். விளக்கும் வேண்டும். பதில் இன்னும் வரவில்லை.

அரசு செய்யக்கூடியவை பற்றியும் சொல்லிவிடுகிறேன். மொரீஷியஸ் தீவில் நம் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள், தைப்பூசக் காவடிக்கு அங்கே அரசு விடுமுறை. 1987-இல் அந்நாட்டு அரசு சர்க்கரை நோயும் இதய நோயும் பெருகியிருப்பதைக் கண்டு, ரேஷனில் கொடுத்த சமையல் எண்ணெயை மாற்றியது. பாமாயில் போய்ச் சோயா எண்ணெய் வந்தது. ஐந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது மக்களின் ரத்தக் கொழுப்பு சராசரியாகவே நன்றாகக் குறைந்திருந்தது. பருமனும் சர்க்கரையும் குறையவில்லை என்பதையும் சொல்ல வேண்டும், எண்ணெயை மட்டும் மாற்றினால் அதெல்லாம் குறைந்துவிடாது. ஆனாலும் சர்க்கரை நோயாளிகளில் பலரை முடிவில் சாய்ப்பது இதயம்தான் என்பதால் அந்த லாபம் சிறிதன்று. இங்கே நம் ரேஷன் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்குப் பாமாயில் கிடைக்கிறது. கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ கொடுங்கள் என்று விவசாயிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்கள் கேட்பது விலைக்காக. நான் கேட்பது எங்கள் மக்களின் இதயத்துக்காக. 2023-இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். அதை எங்கள் மாவட்டத்துக்கும் கொண்டுவரலாம். கேழ்வரகும் மாவுச்சத்துதான், அளவு மீறினால் அதுவும் சர்க்கரையை ஏற்றும். ஆனாலும் தீட்டித் தீட்டி வெளுத்த அரிசியைவிட மேல். அதைவிட முக்கியம் பருப்பின் அளவைக் கூட்டுவது.

என் பேரனின் காதுகுத்தில் ஒரு முயற்சி செய்தோம். பரிமாறிய இளைஞர்களை முதல்நாளே உட்காரவைத்து, கேட்டுவிட்டு வையுங்கள், வேண்டாம் என்றால் மறுமுறை கேட்காமல் நகருங்கள் என்று சொன்னேன். சோற்றுக் கரண்டியைச் சிறியதாக்கினோம். அவரைக்காய்ப் பொரியலும் தட்டைப்பயறுக் கூட்டும் இரண்டு மடங்கு செய்தோம். பாயசத்தை இலையில் ஊற்றாமல் சிறு கிண்ணங்களில் ஊற்றி மேசையில் வைத்தோம், வேண்டியவர்கள் எடுத்துக்கொண்டார்கள். காபிக் குவளைக்குப் பக்கத்தில் சர்க்கரை தனியாக. என் கொழுந்தனார், “அண்ணி, ஊர் என்ன பேசும்?” என்று கடைசிவரை கவலைப்பட்டார். இரண்டு பெரியவர்கள் முணுமுணுத்தது உண்மை. ஆனால் பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சம்பந்தி அம்மாள், “பல வருடத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் பயமில்லாமல் ஒரு விசேஷத்தில் சாப்பிட்டேன்” என்றார். அவருக்குச் சர்க்கரை இருப்பது அன்றுவரை எனக்கே தெரியாது.

கடைசியாக, கர்ப்பிணிகள். இதை எழுதத்தான் முக்கியமாகப் பேனாவை எடுத்தேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கு 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ கர்ப்பகாலச் சர்க்கரை. உணவைச் சரிசெய்தாலே பெரும்பாலோருக்குக் கட்டுப்பட்டுவிடும். ஆனால் வீட்டுக்குப் போனால், “இரண்டு உயிருக்குச் சாப்பிட வேண்டும்” என்று மாமியாரும் தாயும் தட்டை நிறைக்கிறார்கள். வளைகாப்பில் ஆளுக்கு ஒரு வாய் இனிப்பு ஊட்டுகிறார்கள். வந்த சுமங்கலிகள் இருபது பேர் என்றால் இருபது வாய். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, ஊட்டுவதற்கு நறுக்கிய கொய்யாவையோ வேகவைத்த சுண்டலையோ வைத்தாலும் ஆசீர்வாதம் அதேதான் என்று நான் போன வளைகாப்புகளில் சொல்லியிருக்கிறேன், கேட்டுக்கொண்ட வீடுகளும் உண்டு.

பிரசவத்தோடு சர்க்கரை பெரும்பாலும் இறங்கிவிடுகிறது. அதனால் அது போய்விட்டது என்று எல்லோரும் நினைத்துவிடுகிறார்கள். அந்தப் பெண்களுக்குப் பிற்காலத்தில் நிரந்தரமாகச் சர்க்கரை வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். பிரசவமாகி ஆறு வாரத்தில் மீண்டும் அதே குளுக்கோஸ் சோதனை செய்ய வேண்டும். பிறகு ஆண்டுதோறும் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் வேலையில் இருந்தவரை அந்தச் சோதனைக்குத் தானாக வந்த பெண்கள் மிகக் குறைவு. பிள்ளை பெற்ற உடம்பு, வெளியில் காற்றுப் படக்கூடாது, நெய்யும் பூண்டும் கருப்பட்டியும் கொடுத்துத் தேற்ற வேண்டும் என்று வீட்டில் வைத்திருப்பார்கள். தாயை அனுப்பாத அதே வீட்டார் குழந்தையின் 45-ஆம் நாள் தடுப்பூசிக்கு மட்டும் தவறாமல் வருவார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாயும் வந்திருப்பாள். ஊசி போட்ட பிறகு எப்படியும் அரைமணி நேரம் உட்காரவைக்கிறோம். அன்று காலை அவள் வந்தவுடன் குளுக்கோஸைக் கொடுத்துவிட்டால், தடுப்பூசி, எடை, பதிவு எல்லாம் முடிவதற்குள் இரண்டு மணி நேரம் ஆகிவிடும். தனியாக ஒரு நடை வேண்டியதில்லை, மாமியாரிடம் தனியாக அனுமதி கேட்கவும் வேண்டியதில்லை. எங்கள் துணை சுகாதார நிலையத்தில் இப்படிச் செய்யத் தொடங்கியபோது, வராமல் போனவர்களில் பலர் சோதனைக்குக் கிடைத்தார்கள். குழந்தையின் தடுப்பூசி அட்டையிலேயே 45-ஆம் நாளுக்கு எதிரே “தாய்க்குச் சர்க்கரைப் பரிசோதனை” என்று ஒரு வரி அச்சடித்துவிட்டால், மாநிலம் முழுவதும் இது நடக்கும். சுகாதாரத் துறை அதிகாரிகள் தங்கள் நாளிதழைப் படிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தில் இடம் போதாமல் எதை வெட்டினாலும் சரி, இந்தப் பத்தியை மட்டும் வெட்டாமல் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
மேலூர் வட்டம், மதுரை மாவட்டம்.